ஆதிரை குளியல் எண்ணெய்

ஜூன் 9, திங்கள்

மகள் வீடு வந்து சேர்ந்தாள். கொப்பரை மண்டிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதலாமென்று எடுத்திருக்கிறேன். அவள் பெரியவளானதும் படித்து, அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அப்பன் பெயர் மோகனசுந்தரம். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை. மோட்டாரில் ஓடும் செக்குதான், ஆனால் உரலும் உலக்கையும் வாகை மரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. என் மனைவி கோகிலாவுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. அதனால் பிள்ளை வளர்க்கும் பொறுப்பு மொத்தமும் எங்கள் இரண்டு பேர் தலையில்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸம்மா வழிமறித்து ஒரு பாட்டு பாடினாள். "தாய்ப்பால் மட்டும் குடுங்க, சர்க்கரைத் தண்ணி கூடாது. கண்ணுக்கு மை போடாதீங்க. மூக்குல, காதுல, தொப்புள்ல எண்ணெய் ஊத்தாதீங்க. கை கழுவிட்டுத்தான் குழந்தையைத் தொடணும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எண்ணெய்க்காரனிடமே எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு நல்ல தைரியம். கண்ட பாக்கெட் எண்ணெயை மனதில் வைத்துச் சொல்லியிருப்பாள். பாவம், அவளுக்கு நம் சரக்கைப் பற்றி என்ன தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

முதல் எண்ணெய்க் குளியல். அருக்காணியக்கா வந்திருந்தார். இந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில் படுத்துக் குளித்தவைதான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு நீவினார். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் நானே கலந்து, துணியில் மூன்று தரம் வடிகட்டி வைத்திருந்தேன். கடைசியில் மூக்குக்கு இரண்டு சொட்டு விட்டு அவர் ஊதியபோது, பிள்ளை மூச்சை இழுத்தாள், அப்படியே மூச்சு நின்றுவிட்டது. முகம் கன்றிப்போனது. பிறகு ஊரே கேட்கும்படி ஓர் அழுகை.

கோகிலாவுக்குப் பதறிவிட்டது. "மூக்குக்கு வேண்டாமுங்க. அந்த நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு."

"அழுவட்டும் புள்ள. அழுதாத்தான் நெஞ்சு விரியும்" என்றேன்.

அதன்பின் நல்ல தூக்கம். வாயோரம் எண்ணெய் மினுமினுத்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

பெயர் முடிவாகிவிட்டது. ஆதிரை. என் தங்கை கேரளாவிலிருந்து போனில் வேறு ஏழெட்டுப் பெயர்கள் சொன்னாள். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டு நேரே கேட்பது, "பாப்பாவுக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்?" என்றுதான். நிறம் அப்படி, தோல் அப்படி. விளம்பரப் பலகைக்குச் செலவழித்ததெல்லாம் வீண். இவள்தான் என் விளம்பரம்.

ஜூலை 4, வெள்ளி

செய்துவிட்டேன். சின்னப் புட்டி, மஞ்சள் மூடி. லேபிளில் ஆதிரை சிரிக்கும் படம். அதன் கீழே 'ஆதிரை குளியல் எண்ணெய்'. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'உடம்புக்கு, தலைக்கு, மூக்கு காதுக்கு.' அச்சகத்துக்காரர் கடைசி வரி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். எல்லாக் குளியல் எண்ணெயும் உடம்புக்குத்தான் என்கிறார்கள். நம்முடையது மூக்குக்கே விடலாம், அவ்வளவு சுத்தம். அதைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

முதல் புட்டியை விற்கவில்லை, சும்மா கொடுத்தேன். தாராபுரம் பக்கத்திலிருந்து கொப்பரை விற்க வந்திருந்த ஒருவருடைய மனைவி, பெயர் திலகவதி, நிறைமாதம். தொட்டிலுக்குள் குனிந்து ஆதிரையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். "எனக்கும் இப்படியே ஒண்ணு பொறந்தாப் போதும்ணா" என்றாள். அண்ணன் என்று கூப்பிட்ட பெண்ணிடம் காசு வாங்குவதா? புட்டியைக் கையில் கொடுத்து, எப்படி விட வேண்டும், சளி இருமல் வந்தாலும் இதையே வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 11, வெள்ளி

குளியல். மாலையிலிருந்து லேசாக இருமுகிறாள். கோயமுத்தூருக்கு ஒரு பெட்டி எண்ணெய் அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்தால் கரகரவென்று தெரிகிறது. "சளி புடிச்சிருக்குதுங், இன்னிக்குக் குளிக்க ஊத்தோணுங்களா?" என்று அருக்காணியக்கா கேட்டார். சளி இளக வேண்டுமென்றால் எண்ணெயை விட்டால் வேறென்ன இருக்கிறது? மூக்குக்குக் கூடவே ஒரு சொட்டு விடச் சொன்னேன். வாயிலும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டேன், சளி மலத்தோடு போய்விடும்.

கோகிலா அந்த நேரம் பார்த்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19, சனி

கிளினிக் போனோம். முன்பே போய்த் தடுப்பூசி போட்ட இடம்தான். ஊசி விஷயத்தில் நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டவன் இல்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா? நாட்டு மருந்து, உரை மருந்து, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க சார்."

உண்மைதானே. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று வண்டியில் வரும்போது கேட்டேன், பிள்ளையின் துணியை இழுத்துப் போர்த்தினாள். கரகரப்புக்கு டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். புகை ஆகாது என்றார். சாம்பிராணியை இன்றைக்கே நிறுத்திவிட்டேன். சொன்னால் கேட்கிற ஆள்தான் நான்.

ஜூலை 26, சனி

சிரப் வேலை செய்கிறது! அருக்காணியக்கா மகள் வீட்டு விசேஷத்துக்காகக் கொடுமுடி போய்விட்டார், ஒரு வாரமாகக் குளியலே இல்லை, ஈரத்துணியால் துடைத்து விடுவதோடு சரி. இருமல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. பால் குடித்துவிட்டுச் சிரித்தாள். அந்தக் கிளினிக் டாக்டர் கைராசிக்காரர்தான்.

ஜூலை 29, செவ்வாய்

அருக்காணியக்கா இன்னும் வரவில்லை. பிள்ளையை இப்படியே போட்டு வைக்க முடியுமா? நானே உட்கார்ந்து குளிப்பாட்டினேன். அவ்வளவு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எண்ணெயில் நனைந்த பிள்ளை மீன் மாதிரி நழுவுகிறது, அது ஒன்றுதான் சிரமம். மூக்குக்கு விட்டு நானே ஊதினேன். கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது போலிருக்கிறது.

"போதும் வுடுங்க" என்று கோகிலா கத்தினாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருமல் திரும்ப வந்துவிட்டது. சிரப் தீர்ந்ததால்தான். இன்றும் குளியல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கடையில் நிற்க இடமில்லை. திலகவதி வீட்டுக்காரர் போன் பண்ணினார். பையன் பிறந்திருக்கிறானாம். "நீங்க சொன்ன மாதிரியே எண்ணெய் வைக்கிறமுங்" என்றார். சந்தோஷமாக இருந்தது.

ஆதிரைக்கு மூச்சு வேகமாக ஓடுகிறது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுகிறது. நாளைக்கே கோயமுத்தூர் போகலாம் என்கிறாள் கோகிலா. பண்டிகைக் கூட்டம் முடியட்டும், வியாழக்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எண்ணெய் வைத்தேன். பால் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோயமுத்தூர், குழந்தைகள் ஆஸ்பத்திரி. உதடு நீலமாகிவிட்டதால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் கீழ்ப்பாகம் வெள்ளையாக அடைத்திருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நிறுத்தி நிதானமாகக் கேட்டார். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்கவில்லை. "குளிக்க வைக்கும்போது என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார். இது என்ன கேள்வி? குளியலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரையும் போலத்தான் என்று நான் ஆரம்பிப்பதற்குள் கோகிலா முந்திக்கொண்டாள்.

"மூக்குல எண்ணெய் ஊத்துவமுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள். ஊதிவிடுவமுங்க. சளி புடிச்சதுக்கப்புறம் இன்னும் சாஸ்தியா ஊத்துனமுங்க. வாயிலயும் விட்டமுங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

தொண்டை வழியாகக் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்தார்கள். கண்ணாடிக் குப்பியில் பால் போல வெள்ளையாக இருந்தது. டாக்டரம்மா அதை மேசையில் அசையாமல் வைத்தார். மெல்ல மெல்ல மேலே ஒரு படலம் ஏறி நின்றது.

நான் எண்ணெய்க்காரன். தண்ணீருக்கு மேலே நிற்பது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க எண்ணெயில கலப்படமே கிடையாதுங் மேடம். மூணு தரம் வடிகட்டறது."

"சுத்தமான எண்ணெய்தாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது போகக் கூடாத எடத்துக்குப் போயிருச்சு. தண்ணி உள்ள போனாக் குழந்தை இருமித் தள்ளிரும். எண்ணெய் சத்தமே இல்லாம வழுக்கிட்டு எறங்கிரும். எறங்கினது வெளிய வராது. அதைச் சுத்தித்தான் புண்ணாகிருக்கு."

"கொடுத்தா சரியாயிரும்ல? மருந்து."

"பாக்கலாங்க. முன்னாடியே நிறுத்தியிருந்தா…" என்றவர் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அருக்காணியக்கா ஊரில் எத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறார். எல்லாம் குதித்துக்கொண்டு திரிகின்றன. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்று டாக்டரம்மாவே ஒத்துக்கொண்டார். அப்படியென்றால் எங்களுக்கு மட்டும் ஏன்? வேறு ஏதாவது காரணம் இருக்கும். அந்த லாட் விளக்கெண்ணெயில், அந்த ஒரு தடவை ஆட்டியதில், ஏதோ கோளாறு இருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோகிலா தீவிரப் பிரிவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். என்னிடம் பேச்சில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறாள், அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை. பாலைப் பிழிந்து கொடுக்கிறாள், பிள்ளைக்குக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். கை கழுவிக் கழுவி அவளுடைய விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டன. இதற்கிடையில் எண்ணெய் கேட்டு போன் வந்தபடியே இருக்கிறது. ஸ்டாக் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஆதிரை விடிந்ததும் போய்விட்டாள்.

மதியம் ஊருக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டுவதற்கு முன் தலைக்கு வைக்க எண்ணெய் வேண்டும் என்றார்கள். யாரோ பழக்கத்தில் கடைக்குள் போய் மஞ்சள் மூடிப் புட்டியை எடுத்துவந்து கிண்ணத்தில் ஊற்றினார்கள். கோகிலா எழுந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் வீசினாள். சிமெண்ட் தரையில் எண்ணெய் ஓடியது. எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் நடந்தார்கள். வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செக்கு ஓடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அருக்காணியக்கா வந்தார். வந்த கையோடு நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "நானுந்தானுங்களே ஊதுனேன். எத்தனை புள்ளைகளுக்கு ஊதியிருக்கேன், எது எங்க இருமிக்கிட்டுக் கெடக்குதோ" என்று தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் எந்த வீட்டிலும் மூக்குக்குத் தொட மாட்டேன் என்று கோகிலாவின் கையைப் பிடித்துச் சொன்னார். கோகிலா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. கடைக்குள் வந்துவிட்டேன்.

அலமாரி முழுக்க ஆதிரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புட்டிகளையெல்லாம் திறந்து ஊற்றிவிட்டேன். லேபிளை மட்டும் கிழிக்க முடியவில்லை. தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன்.

விற்றுப்போனவை இருக்கின்றன. லாட் சரியில்லை, திருப்பிக் கொடுங்கள், பணம் தருகிறேன் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. "எங்களுக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்று பதில் அனுப்புகிறார்கள். சிலர் இன்னொரு புட்டி கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

உள்ளூரில் நேரில் போனேன். இங்கே எல்லாருக்கும் விஷயம் தெரியும். நான் வாசலில் நின்றதுமே புட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். லாட் சரியில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

வேறென்ன சொல்வது? அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் கோகிலா தானாகப் பேசினாள். ஆஸ்பத்திரி போனதிலிருந்து என்னிடம் முதல் பேச்சு.

"தாராபுரத்துப் பொண்ணு. அதுக்கு நீங்க சும்மாத்தான குடுத்தீங்க."

"ம்."

"அதுகிட்டயும் லாட்டுன்னுதான் சொல்லப் போறீங்களா?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வண்டியை எடுத்துக்கொண்டு தாராபுரம் போனேன். தோட்டத்துக்குள் தனி வீடு. கொப்பரைக் களத்தில் திலகவதியின் வீட்டுக்காரர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். திலகவதி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்குத்தான் எண்ணெய் வைப்போம். பையன் என்பதால் இன்றைக்கு எண்ணெய் இருக்காது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அவன் மூக்கோரம் மினுமினுத்தது.

"வாங்கண்ணா, வாங்க! தினமுமே வைக்கிறனுங்ணா. அத்தனை நல்ல எண்ணெய்."

மோர் கொண்டுவந்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். லாட் சரியில்லை, புட்டியைக் கொடு அம்மிணி என்றேன். அவள் சிரித்தாள்.

"போங்கண்ணா. இதுல என்ன கொறைன்னு சொல்றீங்க? பாப்பா படம் போட்டிருக்குதில்ல, அதைத் தினமும் இவனுக்குக் காட்டறேன். இந்தக்கா மாதிரி நீயும் கொழுகொழுன்னு ஆகோணும்னு சொல்லுவேன். பாப்பா எப்படி இருக்குதுங்?"

அப்போது பையன் இருமினான். பெரிய இருமல் இல்லை. தெரியாதவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். நான் அந்த இருமலை ஜூலை பதினொன்றாம் தேதி கேட்டிருக்கிறேன், கேட்டுவிட்டுக் கோயமுத்தூருக்குப் பெட்டி கட்டப் போயிருக்கிறேன்.

"எத்தனை நாளா இருமல்?"

"இது இருமலாண்ணா? ரெண்டு நாளா லேசா. எண்ணெய் வெச்சாச் சரியாப் போயிரும்னு நீங்கதான சொன்னீங்க."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தப் பெண்ணிடம் லாட் என்று மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

"அந்தப் பாப்பா செத்துப்போச்சு அம்மிணி. நான் ஊத்துன எண்ணெய் நெஞ்சுல எறங்கித்தான் செத்துப்போச்சு. லாட்டெல்லாம் நல்ல லாட்டுதான். எண்ணெயில ஒரு குத்தமும் இல்ல. மூக்குல ஊத்துனது நான்."

அவள் பையனைத் தோளிலிருந்து இறக்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள். களத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் அரிவாளைப் போட்டுவிட்டு வந்தார். என்னாச்சு என்றார். திலகவதி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. இனி வரவே மாட்டாள் என்று நினைத்தபோது புட்டியைக் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

ஆதிரை சிரித்துக்கொண்டிருந்தாள். புட்டியில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. இப்பவே. மூச்சு வாங்கற வரைக்கும் இருக்காதீங்க. தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில வைக்காதீங்க. டாக்டரு மருந்து குடுத்தீங்களான்னுதான் கேப்பாரு. இல்லைன்னு சொல்லிட்டு வந்துராதீங்க. எண்ணெய் ஊத்துனோம்னு சொல்லுங்க. கேக்காட்டியும் சொல்லுங்க."

திலகவதியின் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைத் தேட உள்ளே ஓடினார். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, முந்தானையால் பையனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.